மூன்று துளைக் கட்டை

பளீல் ஹாஜியார் யாரையும் ஏசியதில்லை. அதுதான் எனக்குப் பயம். ஏசுகிற மனிதர் என்றால் ஏசி முடிந்ததும் அடங்கிவிடுவார், நாமும் மூக்கைச் சிந்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். ஹாஜியார் அப்படியில்லை. தோளில் கை போட்டு, சிரித்த முகத்தோடு, தேன் வடியப் பேசுவார். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பக்கமாக அவருடைய தச்சுப் பட்டறை இருந்தது. அலுமாரி, கதிரை, கட்டில், துரைமார் பங்களாவுக்கு மேசை எல்லாம் அங்கே செய்வார்கள். எங்களுக்கு முன்னால் அங்கே முஹ்ஸின் பாஸ் என்று ஒரு தச்சர் இருந்தார். தச்சரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியதும் ஹாஜியார் கூப்பிட்டு, "போய் ஓய்வெடுங்க பாஸ். ஊட்டப் பத்தி அவசரமில்ல" என்றார். வீட்டைப்பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பிறை காண்பதற்குள் முஹ்ஸின் பாஸ் குடும்பம் சட்டி பானையோடு தெருவில் நின்றது.

பட்டறைக்குப் பின்னால் இருந்த ஹாஜியாரின் அந்த வீட்டில்தான் நாங்கள் குடியேறினோம். குசினிச் சுவரில் அவருடைய மனைவி அம்மியில் மசாலா அரைத்துவிட்டுத் தடவிய மஞ்சள் விரல் அடையாளம் இருந்தது. நான் எவ்வளவு சுண்ணாம்பு பூசினாலும் கொஞ்ச நாளில் அது மறுபடி தெரிய ஆரம்பித்துவிடும். 

முப்பத்தைந்தாம் ஆண்டு காய்ச்சல் வருஷம். மழை பொய்த்து, மகாவலி வற்றி, பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி, அதிலிருந்து கிளம்பிய நுளம்பு வீடு வீடாகப் புகுந்தது. ஜனாஸா போகாத நாள் இல்லை. என் மாப்பிள்ளை ஹலீமையும் காய்ச்சல் போட்டது. கட்டிய புருஷன் பெயரைச் சொல்கிறாளே என்று பார்க்காதீர்கள், சொல்லாமல் கதை நகராது. டிஸ்பென்சரியில் கொடுத்த கொயினாத் தண்ணீரை மூக்கைப் பிடித்து ஊற்றி ஊற்றி, அல்லாஹ்வின் காவலால் மனிதர் எழும்பி உட்கார்ந்தார். வலது கை மட்டும் எழும்பவில்லை. கனமான வேலை செய்யும்போது அதில் ஒரு கோளாறும் தெரியாது. நுட்பமாக எதையாவது தொட்டால் போதும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நடுங்கும்.

அதை நாங்கள் மறைத்தோம். எப்படியெல்லாம் மறைத்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பட்டறையில் தேநீர் வந்தால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடிப்பார். கோடு இழுக்கிற வேலை வந்தால் கூட வேலை செய்த அழகமுத்துவிடம் தள்ளிவிடுவார். ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகுட்டிக்காரன் அழகமுத்து. நல்ல மனிதன்தான். ஆனால் வேலை தெரிந்த நல்ல மனிதன் பக்கத்தில் நிற்பதைப்போல் ஆபத்து வேறில்லை என்று எனக்குத் தோன்றும். என் கைக்குழந்தைக்கும் அப்போது காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இந்தக் கூரையும் போனால் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? இந்த ஒரு கேள்விதான் சுளகில் அரிசி புடைக்கும்போதும் தொழுகையில் நிற்கும்போதும் என் தலைக்குள் சுற்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிட்டார் வந்தது.

ஹேவாஹெட்டைத் துரை ஒருவருடைய கிட்டார். காரிலிருந்து விழுந்து கழுத்து முறிந்துவிட்டதாம். ஹாஜியார் அதைப் பிள்ளையைப்போல் ஏந்திக்கொண்டு வந்து, புதிதாகக் கழுத்தும் அதன் நுனியிலிருக்கும் தலையும் செய்து கொடுக்கச் சொன்னார். மரமும் துரையே கொடுத்தனுப்பியிருந்தார், ஒரே ஒரு துண்டு. தந்தியை முறுக்கும் ஆணிகளும் புதிது. ஒரு பித்தளைத் தகட்டுக்கு மூன்று ஆணி வீதம் தலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்த வேலை சரியாக வந்தால் கண்டித் தெருக் கடையொன்று கிட்டார் செய்யும் வேலையையே தரப்போகிறது, உங்கள் கையை நம்பித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி ஹாஜியார் என் மாப்பிள்ளையின் வலது கையையே தட்டினார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 

கழுத்தைச் சீவி எடுக்கிற வேலையை எப்படியோ முடித்தார். சீவுளி கனமானது, நடுக்கத்தை அது அமுக்கிக்கொண்டது. தலையின் பக்கவாட்டில் துளை போடுவதுதான் மலை. மூன்று துளையும் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில், சாயாமல் இறங்க வேண்டும். தலைமயிர் அளவு பிசகினாலும் ஆணி இறுகிப்போகும், திரும்பாது. திரும்பாத ஆணியில் தந்தி நிற்காது. காய்ச்சலுக்கு முன்னால் என் மாப்பிள்ளை இதையெல்லாம் கண் மட்டத்திலேயே போட்டுவிடுவார். இப்போது துளை போடும் துறப்பணத்தைக் கையில் எடுத்தாலே அதன் அலகு மரத்தின்மேல் கோழி கொத்துவதுபோல் தட்டியது.

தூசு படக்கூடாத வேலை என்று சாக்குச் சொல்லி எல்லாவற்றையும் என் குசினிக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு நாளாகக் கிட்டார்த் தலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் அதை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் கத்தினேன்.

"கை ஆடுது ஆடுது எண்டு பாத்துட்டு ஈந்தா துளை உழுந்துடுமா? ஒங்கட அலகு ஆடாம ஈக்க ஒரு குழாயாவது மாட்டுங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஊதுகுழலைப் பார்த்தார். பித்தளைக் குழல், என் உம்மா வீட்டுச் சீர். வாங்கி அதற்குள் அலகை விட்டுப் பார்த்தார். ஆடாமல் அசையாமல் இறுக்கமாகப் போய் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அரத்தை எடுத்து மூன்று துண்டாக அறுத்துவிட்டார். அதன்பிறகு நான் கன்னம் வலிக்க வாயாலேயே அடுப்பு ஊதினேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கட்டை இப்படித்தான் பிறந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு முதிரை மரத் துண்டு. பித்தளைத் தகட்டிலுள்ள ஆணிகளின் நுனியில் விளக்குக் கரியைத் தடவி அந்த மரத்தில் அழுத்தினால் மூன்று புள்ளி விழும். அந்தப் புள்ளிகளில் துளை போட்டு, குழல் துண்டுகளை அடித்து இறக்கினால் முடிந்தது. அப்புறம் அந்தக் கட்டையைக் கிட்டார்த் தலையோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு இறுக்கிவிட்டால் குழலுக்குள் அலகு நேராகத்தான் போகும், கை எப்படி ஆடினாலும். கட்டையிலேயே துளை கோணினால் என்ன செய்வது என்று கேட்டேன். இன்னொரு கட்டை எடுப்போம் என்றார். கட்டை கெட்டால் அடுப்புக்கு, தலை கெட்டால் நாங்கள் தெருவுக்கு. அது எனக்கு விளங்கியது. நான் மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, சாயுது, சாயுது, நிமிர்த்துங்க என்று சொல்லச் சொல்ல அவர் சுற்றினார். கெட்டுப்போன கட்டைகளிலேயே அன்றும் மறுநாளும் சோறு வெந்தது. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. தகட்டின் மூன்று ஆணியும் அதற்குள் வழுக்கிக்கொண்டு இறங்கின.

கட்டையின் ஒரு நுனி கிட்டார்த் தலையின் உச்சிக்கு, ஒரு விளிம்பு கிட்டாரின் முகப் பக்கத்துக்கு என்று கீறி வைத்தார். பிறகு தன் வழக்கப்படி பென்சிலை எடுத்து மேல்முகத்தில் அழுத்தமாக 786 என்று எழுதினார். பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக எழுதுகிற எண். கடைக் கணக்கிலும் கல்யாணக் கடிதத்திலும் எழுதுவார்களே, அதுதான். கெட்டுப்போகிற மரத்தில் எழுத மாட்டார். சரியாக வந்துவிட்டது என்று மனது சொன்ன பிறகுதான் எழுதுவார்.

ஹாஜியார் அக்குறணைக்குக் கல்யாணத்துக்குப் போன நாளில் துளை போட்டோம். முதல் பக்கம். மூன்று துளை. தகட்டை வைத்ததும் தன் வீட்டுக்குள் போகிற பூனையைப்போல் உள்ளே போய் உட்கார்ந்தது. அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அழுதுவிட்டேன். தலையைத் திருப்பிப் படுக்கவைத்து மற்றப் பக்கம் கட்டையை வைத்து, கிளாம்பை இறுக்கி, மூன்று துளை போட்டார். தகட்டை எடுத்து வைத்தார். ஆணி மரத்தில் முட்டியது. மூன்றும் முட்டின. துளைகள் தலையின் உச்சியிலிருந்து விலகிக் கழுத்துப் பக்கமாக நகர்ந்து கிடந்தன.

அவர் பேயறைந்தவர்போல் உட்கார்ந்துவிட்டார்.  அந்த நேரத்தில்தான் பின்கதவில் அழகமுத்துவின் குரல் கேட்டது. மரம் ஒட்டும் வச்சிரப் பசையைச் சூடாக்க நெருப்பு கேட்டு வந்திருந்தான். நான் பாய்ந்துபோய்க் கதவுக்குக் குறுக்கே நின்றேன். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"பாஸுக்கு ஒடம்பு சரியில்லீங்களாக்கா? நாலஞ்சு நாளா பட்டறப் பக்கமே காணோம். நான் வேணும்னா வந்து கை கொடுக்கவா?" என்றான்.

நல்ல மனதோடுதான் கேட்டான். எனக்கு அது கத்தியாக இறங்கியது. குழந்தைக்குக் காய்ச்சல், உள்ளே வராதே என்று சொல்லி, அடுப்பிலிருந்து இரண்டு கொள்ளியை எடுத்து வாசலிலேயே கொடுத்து அனுப்பினேன். அவன் எட்டிப் பார்த்தானா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, கட்டை போட்டும் இந்தக் கை என்னை விடவில்லையே என்று முனகிக்கொண்டிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கை ஆடியிருந்தால் துளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருக்கும். இங்கே மூன்றும் அண்ணன் தம்பிபோல் வரிசையாகத்தான் இருந்தன. வரிசையோடு இடம் மாறி இருந்தன. கட்டையை வைத்ததுபோலவே திரும்ப வைத்துக் காட்டச் சொன்னேன். வைத்தார். முகப் பக்க விளிம்பு முகத்தோடு சரியாக இருந்தது. ஆனால் உச்சிக்கு என்று கீறிய நுனி கழுத்துப் பக்கம் கிடந்தது.

ரொட்டியைப் புரட்டுவதுபோல் கட்டையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் உச்சி உச்சியிலும் முகம் முகத்திலும் சேரும். இந்த மனிதர் புரட்டாமல், மேசையில் தட்டைச் சுற்றுவதுபோல் அப்படியே சுற்றி வைத்திருக்கிறார். ஏன் புரட்டவில்லை என்று கேட்டேன். கட்டையின் மேல்முகத்தைப் பார்த்தார். 786. புரட்டினால் அந்த எண் குப்புறப் போய் மரத்துக்கு அடியில் நசுங்கும். அவருடைய கை அதைச் செய்ய மறுத்திருக்கிறது. யோசித்துச் செய்தது இல்லை. குர்ஆனைக் குப்புற வைக்காத கை, அதையும் தானாகவே வைக்கவில்லை.

"உளியால சீவிடுங்க, சரியாப் போகும்" என்றேன்.

"வாணாம் ஸுலைஹா. பயமாக் கெடக்கு. இருக்கிற நடுக்கம் போதாதா?"

நான் பல்லைக் கடித்தேன். ஆனால் எனக்கும் பயம்தான், பொய் சொல்லி என்ன? ஊரெல்லாம் ஜனாஸா போகிற வருஷத்தில் அல்லாஹ்வின் பெயரைச் சீவி எறிய யாருக்குத் துணிவு வரும்? கட்டையைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தேன். உச்சிக்கு என்று கீறிய நுனி மட்டும் எப்படிப் புரட்டினாலும் வெளியேதான் நின்றது, எதற்கு அடியிலும் போகவில்லை. அந்த நுனியில் எழுதுங்கள், மேலே உள்ளதை மெல்லச் சீவித் தாருங்கள், சீவலைக் கீழே விழாமல் நான் ஏந்திக்கொள்கிறேன் என்றேன். சம்மதித்தார். சீவலைப் பச்சைத் துணியில் முடிந்து குர்ஆன் வைக்கும் சுவர்த் தட்டில் வைத்தேன். எண் நுனிக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த எண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உச்சி. பிசகவே முடியாது.

பிசகிய துளைகளில் கழுத்துச் செதுக்கியதில் மிஞ்சிய மரத்திலிருந்து ஆப்புச் செய்து பசை போட்டு அடித்தார். காய்ந்ததும் கட்டையைப் புரட்டி வைத்து மறுபடி துளைத்தார். பாதி ஆப்பிலும் பாதி மரத்திலும் விழுகிற துளை. வெறுங்கையால் போட்டால் அலகு வழுக்கி ஓடியிருக்கும். குழல் ஓடவிடவில்லை. தகடு உள்ளே போய் உட்கார்ந்தது. ஆப்பெல்லாம் தகட்டுக்கு அடியில் மறைந்துவிட்டது. தந்தி பூட்டி அவர் ஆணியைத் திருகியபோது வெண்ணெயில் விரல் போனதுபோல் திரும்பியது. எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கிட்டாரைக் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்த கையோடு நான் கட்டையை அடுப்பில் வைக்கப் போனேன். கட்டை இருந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கை தெரியும். ஆனால் நெருப்புக்கு மேலே என் கை நின்றுவிட்டது. நுனியில் அந்த எண். அதைச் சீவித் தரச் சொல்லிக் கேட்டேன்.

அவர் கட்டையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இது என்ட கை, ஸுலைஹா. கைய ஆரும் அடுப்புல வைப்பாங்களா?" என்றார்.

காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பில் நான் ஏமாந்துபோனேன். சரி, ஒளித்தாவது வைப்போம் என்றால் எங்கே வைப்பது? எண் எழுதிய பொருளைக் கட்டிலுக்கு அடியில் போட முடியாது. வீட்டில் இருந்த ஒரே பெட்டியின்மேல்தான் வருகிறவர் போகிறவர் எல்லோரும் உட்காருவார்கள். கடைசியில் முன்னறையில் குர்ஆன் வைத்திருந்த உயரத் தட்டிலேயே வைத்தோம். வாசலில் நுழைந்தால் முதலில் தெரிகிற இடம் அது.

ஹாஜியார் கையில் ஒரு தட்டு மஸ்கட் இனிப்போடு தானே வீடு தேடி வந்தார். துரைக்கு மெத்தச் சந்தோஷமாம். கண்டித் தெருக் கடையும் கிட்டார் வேலையைக் கொடுத்துவிட்டதாம். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். என் மாப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டார். ஹாஜியார் உட்காரவில்லை. அவருடைய கண் மேலே தட்டுக்குப் போயிருந்தது. அது என்ன கட்டை என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள், பலகைத் துண்டு என்று சொல்லுங்கள் என்று உள்ளே நான் துடித்தேன். அந்நிய ஆண் முன்னால் நான் எப்படிப் போய்ப் பேசுவேன்? கோப்பைகளை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டேன். தேநீர் வருகிறது என்று நினைத்து ஹாஜியார் வேண்டாம் என்று கை காட்டினார். என் மாப்பிள்ளையோ பாராட்டு கேட்டுப் பூரித்துப்போய் நின்றார். கட்டையை இறக்கி, எண் இருக்கும் நுனி உச்சிக்கு, இந்த விளிம்பு முகத்துக்கு, மற்றப் பக்கத்துக்கு இப்படிப் புரட்ட வேண்டும், இந்தக் குழலுக்குள் அலகு என்று ஒன்று விடாமல் காட்டினார். அத்தனை நேரமும் அவருடைய கை துளிகூட ஆடவில்லை.

"அப்ப இந்தக் கட்டை ஈந்தா ஆருக்கும் துளைக்கேலுமா?" என்றார் ஹாஜியார்.

"கண்ண மூடிட்டும் துளைக்கேலும், ஹாஜியார்."

நான் திரையைப் பிடித்துக்கொண்டேன். 

ஹாஜியார் கட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். எண்ணைக் கண்ணில் ஒற்றினார். பிறகு தன் கோட்டுப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். என் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். நாங்கள் அத்தனை காலம் மூடி மூடி மறைத்த அந்த வலது கையை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்குத் தேவையும் இருக்கவில்லை.

"கிட்டாரெல்லாம் இனி அழகமுத்து பாத்துக்கொள்ளட்டும். அவனுக்குக் கூலியும் கொறச்சல். நீங்க காய்ச்சல் கண்ட ஒடம்பு. போய் ஓய்வெடுங்க பாஸ்" என்றார். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊட்டப் பத்தி அவசரமில்ல" என்றார்.

வீட்டைப்பற்றி அதுவரை யாரும் பேசியிருக்கவில்லை.

என் மாப்பிள்ளை மஸ்கட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஸலாம் சொன்னார். தட்டு நடுங்க ஆரம்பித்து, கதவு நிலையில் மோதி டகடகவென்று சத்தம் போட்டது. ஹாஜியார் திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்குள் போய் அழகமுத்துவைக் கூப்பிட்டார்.